கப்பித்தானோவுக்கு விபூதி

நான்கு பதக்கங்களும் சமையலறை மேசையில், ஒரு பழைய துவாயின் மேல் கிடந்தன. பக்கத்தில் ஒரு கோப்பையில் கரைத்த பழப்புளி. இன்னொரு கோப்பையில் விபூதி. சன்னல் வழியே பார்த்தால் நாப்போலியிலிருந்து வந்த கப்பல் துறைமுகத்தில் வாயைத் திறந்து லொறிகளைத் துப்பிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணி இருக்கும்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நல்ல காரியம் ஒன்று செய்யப்போகிறோம் என்ற மிதப்பில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் குழப்பியடித்த காரியங்களில் பாதிக்கு மேல் இந்த மிதப்பில் தொடங்கியவைதான்.

பதக்கங்கள் என்னுடையவை அல்ல. நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியக் கடற்படையில் அதிகாரியாக இருந்த ஒருவருடையவை. அவருடைய மகள் சின்யோரா இர்மா பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குப் பழைய கடற்படையினர் சங்கம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பதக்கங்களைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. துறைமுகத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம்.

கறுத்துப்போன பதக்கங்களோடு ஒரு மனிதரை எப்படிச் சபைக்கு அனுப்புவது? எங்கள் வீட்டில் விளக்கைக்கூட அப்படி வெளியே கொடுக்க மாட்டோம்.

படத்தைக் கும்பிட்ட கதை

அந்த வீட்டில் அப்போது எனக்கு எட்டாவது வருடம். நானும் மனைவி மலரும் பலேர்மோ நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் குடியிருந்தோம். அவள் இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை செய்தாள். எனக்கு ஒரே வீடு, ஒரே சின்யோரா. சமையல், துப்புரவு, மருந்து, மாலையில் அவரைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கப்பல் பார்க்க வைப்பது. அவருக்கு அப்போதே தொண்ணூறுக்குக் கிட்ட வயது. காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வரவேற்பறையில் ஒரு பெரிய படம் கண்டேன். மீசை வைத்த மனிதர், வெள்ளைச் சீருடை. படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கு. இந்த நகரத்தில் தெருவுக்கொரு புனிதர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். வீட்டுப் புனிதர் போலும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அது என்ர அப்பா. புனிதரில்லை. சுருட்டுக் குடிப்பார்" என்றார் சின்யோரா.

அவர் சொன்னது இத்தாலியத்தில். ஆனால் அந்த வீட்டுப் பேச்செல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அந்த மனிதர் எனக்கும் கப்பித்தானோதான், அதாவது கப்டன். வீட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள்.

படத்துக்குக் கீழே நான்கு பதக்கங்கள் தொங்கின. சின்யோரா முதல் கிழமையே சொல்லிவிட்டார்: படத்தைத் துடை, பதக்கங்களில் தூசியை மட்டும் தட்டு, வேறொன்றும் செய்யாதே. புதிதாக வந்தவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் என் கையில் வீட்டுச் சாவி இருந்தது. அவருடைய பல்செட்டை எங்கே கழற்றி வைத்தார் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை இனி எனக்கானதல்ல என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

தூசி தட்ட வேண்டிய இன்னொரு தொல்லையும் அங்கே இருந்தது. நடையில் சுவரோரமாக வரிசையாக ஏழு கதிரைகள். வைக்கோல் பின்னிய பழைய கதிரைகள். யாரும் அவற்றில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. வைக்கோல் இடுக்கில் போகும் தூசியை எடுக்கக் குனிந்து குனிந்து என் முதுகு போய்விட்டது. ஒருநாள் இவற்றைக் கழித்துவிடலாமே என்றேன். சின்யோரா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

சீருடையும் நானும்

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவொன்றில். எங்கள் காலத்தில் சீருடையைக் கண்டால், அது யாருடைய சீருடையாக இருந்தாலும், முதலில் முடிவெடுப்பது கால்தான். மூளை பிறகுதான் வந்து சேரும்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஒருநாள் விடிய வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. கடலா, சண்டையா, வேறென்னவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாரும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா இன்னும் ஊரில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை அண்ணனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய்க் காற்றடித்துக்கொண்டு வருவார். காற்று இறங்கினால் ரயரில் வெடிப்பு விழுந்துவிடும் என்பார்.

இதையெல்லாம் நான் சின்யோரா வீட்டில் சொன்னதில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் நம் சுமையை எவ்வளவு இறக்கி வைக்கலாம் என்று ஒரு அளவு இருக்கிறதல்லவா?

ஆகவே முதல் வருடம் கப்பித்தானோவின் முகத்தைப் பார்க்காமலே கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டாம் வருடம், சின்யோரா சூப் குடிக்க மறுக்கிறார் என்று அவரிடம் முறையிடத் தொடங்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் வருடத்தில் மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்றால் அவருடைய கதைகள்.

ஒரு இருமலும் ஒரு கிணறும்

பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பி குடித்த பிறகு நான் உடுப்புக்கு இஸ்திரி போடுவேன். சின்யோரா கதை சொல்வார். ஒரு பதக்கத்துக்கு ஒரு கதை. எட்டு வருடத்தில் ஒவ்வொன்றையும் நூறு முறை கேட்டிருப்பேன்.

கப்பித்தானோ பதினாறு வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவர். பலேர்மோப் பெடியன், கடல் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் முதல் பயணத்தில் மூன்று நாள் வாந்தி. நான்காம் நாள் எழும்பி நின்றபோது இனி இறங்க முடியாது என்று தெரிந்ததால்தான் கடலோடியானேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் வெண்கலப் பதக்கம் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது. உதவிக்குப் போன கப்பலொன்றில் அவரும் இருந்தார். இருபது வயது. கல்லைப் புரட்டி ஆட்களைத் தூக்கினார். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. பதக்கத்தைக் கழற்றி வைக்கலாம், இருமலைக் கழற்ற முடியவில்லை என்பாராம்.

இரண்டாவது ஆப்பிரிக்கக் கரையில். கடலோடிகளைக் கரையில் இறக்கித் துவக்கைக் கொடுத்துத் தரையில் சண்டை பிடிக்க விடுவார்கள். மரைன் என்கிறார்களே, அந்த வேலை. கப்பித்தானோ பதினொரு நாள் ஒரு கிணற்றைக் காவல் காத்தார். அதற்குத்தான் பதக்கம்.

நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த தீவான் நான். கிணற்றுக்குப் பதக்கம் கொடுத்தது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், அது யாருடைய கிணறு என்று கேட்டுவிட்டேன்.

"நானும் அப்பாட்டை அதைத்தான் கேட்டனான். அவர் மறுமொழி சொல்லேல்லை" என்றார் சின்யோரா.

மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். நான்காவது ஒரு சிலுவை வடிவப் பதக்கம். நீண்ட சேவைக்காகக் கொடுத்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அவர் இந்தத் துறைமுகத்திலேயே மேசை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு விசித்திரம். பெரிய கப்பலில் ஏறுவார், சின்னப் படகில் மட்டும் அதன்பின் கால் வைக்கவேயில்லை. பக்கத்து மீனவக் குடியிருப்பான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மற்றவர்கள் படகில் போனால் அவர் குதிரை வண்டியில் தெருவால் போவார்.

மூன்றாவது வெள்ளிப் பதக்கம். அதுதான் பெரியது. அதன் கதைதான் சிறியது. அந்தப் போரில், வடக்கே ஒரு ஆறு. பனிமூட்டமான காலை. ஒரு தட்டைப் படகில் பதினொரு பேரோடு அக்கரைக்குப் போய் அணைக்கட்டைப் பிடித்தார். மற்றப் படைகள் வந்து சேரும்வரை விடவில்லை. சின்யோரா இந்த இடத்தில் எப்போதும் அவசரப்படுவார். ஆறு, பனி, வெள்ளி, அவ்வளவுதான், இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டது பார் என்பார்.

புளி வேலை

சரி, சமையலறைக்கு வருகிறேன்.

வெண்கலத்துக்குப் புளி என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சின்யோராவின் சளிக்கு ரசம் வைப்பதற்காக அந்த வீட்டில் எப்போதும் பழப்புளி வைத்திருந்தேன். வெள்ளிக்கு என்ன செய்வது என்றுதான் சந்தேகம். மலருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்குப் புளியைப் போட்டுப்போடாதேங்கோ. விபூதி போட்டுத் தேயுங்கோ" என்றாள். என் பேர்ஸில் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். முழுவதையும் கொட்டினேன்.

நாடாக்களைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத் தேய்த்தேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். விளக்குத் துலக்கும்போது வருகிற களிம்பு வேறு. இது துணியில் எண்ணெய்ப் பிசுக்கோடு, சட்டியின் அடிக்கரி மாதிரி வந்தது. வெள்ளியில்தான் ஆகக் கூட. இவ்வளவு அழுக்கா என்று கப்பித்தானோவுக்காக வருத்தப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

அரை மணியில் நான்கும் மினுங்கின. மெசினா மினுங்கியது, கிணறு மினுங்கியது. விபூதி பட்ட வெள்ளியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. சீருடையைக் கண்டால் ஓடுகிற ஒருவன் ஒரு கடற்படைக்காரருக்குச் செய்த மரியாதை இது. வாயால் சொல்லாததை அவருக்குக் கையால் சொல்லிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

பத்து மணி

வந்தவர் ஓய்வுபெற்ற கொமாந்தாந்தே, கடற்படைத் தளபதி. உயரமான மனிதர், கையில் வெள்ளைக் கையுறை, வெல்வெட் பெட்டி. கூடவே சின்யோராவின் மருமகன் அல்பேர்த்தோ. அவர்தான் என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர். என் பெர்மெஸோவைப் புதுப்பிக்க இரண்டு கிழமையில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் எனக்கு நாள் இருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் போனால் வதிவிட அனுமதியும் இல்லை. நான் கோப்பித் தட்டோடு, பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

கொமாந்தாந்தே பதக்கங்களைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இதை ஆர் கழுவினது?"

நான்தான் என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

"நூறு வருசச் சரித்திரத்தைக் கழுவி ஊத்திப்போட்டீர்" என்றார். இவை இப்போது நேற்றுக் கடையில் வாங்கியவை போல இருக்கின்றன, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று அல்பேர்த்தோவிடம் சொன்னார். அந்தக் கறுப்புத்தான் பதக்கத்தின் வயது, அதற்குத்தான் மதிப்பு என்றார். அல்பேர்த்தோவின் முகம் சிவந்தது. தொடாதே என்று சொன்னதைத் தொட்டிருக்கிறான், இனி எதைத் தொடமாட்டான் என்று மாமியிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கச் சொன்னார்.

எட்டு வருடம் போயிற்று என்று நினைத்தேன். உண்மையில் குவெஸ்தூராவைவிட எனக்குப் பயமாக இருந்தது சின்யோராவின் முகத்தைப் பார்க்கத்தான். ஒரேயொரு விஷயம் செய்யாதே என்று சொன்னவர் அவர்.

சின்யோரா கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"அவன் ஏன் வெளியிலை போகவேணும்? துடைச்ச துணி எங்கை? கொண்டு வா, சிவா."

துவாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதில் பெருவிரலைத் தேய்த்தார். விரல் கறுத்தது. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு அந்த விரலைக் கொமாந்தாந்தேக்குக் காட்டினார்.

"இது சரித்திரமில்லை. அடுப்புக்கரி. ஒலிவெண்ணெயிலை குழைச்சு அப்பா பூசினது. சோசரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்."

ஏழு தாய்மார்

எட்டு வருடமாக அவசரமாகச் சொல்லப்பட்ட கதை அன்றுதான் மெதுவாக வந்தது.

படகில் போன பதினொரு பேரும் ஸ்ஃபெர்ராகவால்லோ மீனவப் பெடியங்கள். படகு தெரிந்தவர்கள் என்பதால் கப்பித்தானோவே தெரிந்தெடுத்தவர்கள். திரும்பி வந்தவர்கள் நான்கு பேர்.

போர் முடிந்து அவர் இங்கே வந்த பிறகு, இறந்த ஏழு பேரின் தாய்மாரும் வருடத்துக்கு ஒரு நாள் இந்த வீட்டுக்கு வந்தார்கள். ஈரத்துணியில் மீன் சுற்றிக்கொண்டு வருவார்களாம். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டான், என்ன பகிடி விட்டான், கடைசியாக என்ன சொன்னான். அதே கதையை ஒவ்வொரு வருடமும். சின்யோரா பிறப்பதற்கு முன்பே தொடங்கி, அவர் பெரியவளான பிறகும் நடந்தது.

அந்த நாளில் கப்பித்தானோ சீருடை போடுவார். போடாவிட்டால் எங்கள் பிள்ளைகளை மறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். சீருடை போட்டால் பதக்கங்களும் குத்த வேண்டும். ஆகவே காலையில் அடுப்புக்கரியைச் சோசரில் குழைத்து நான்கையும் கறுப்பாக்குவார்.

"அந்தப் பொம்பிளையளுக்கு முன்னாலை மினுங்கிக்கொண்டு நிக்க அவருக்கு ஏலாது" என்றார் சின்யோரா.

கொமாந்தாந்தே கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். மன்னிக்க வேண்டும் என்றார். அவரிடம் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அல்பேர்த்தோ சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஒரு மனிதர் தன் கையால் பூசிய வெட்கத்தை நான் புளி போட்டுக் கழுவியிருக்கிறேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சின்யோரா கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடு. அந்தத் தாய்மார் ஒருத்தரும் இப்ப இல்லை. மினுங்கட்டும். இனி ஆருக்கு நோகப்போகுது?"

நான் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். வேலை தப்பிவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் வாய் என்னைக் கேட்கவில்லை.

"எங்கட அம்மா இருக்கிறா, சின்யோரா."

பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். வள்ளம், விடிகாலை, யாரும் வராத வாசல், சைக்கிள். நாலைந்து வசனத்தில் முடிந்துவிட்டது. எட்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

சின்யோரா மூன்று பதக்கங்களைக் கொமாந்தாந்தேயின் பெட்டியில் தன் கையாலேயே வைத்தார். மெசினா, கிணறு, சிலுவை. வெள்ளியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது வீட்டிலை நிக்கட்டும். நீ சமைக்கிற இடத்திலை கொழுவு. தானாய்க் கறுக்கும்."

அல்பேர்த்தோ அன்று கோப்பி குடிப்பதற்கு முன் என் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். வைக்கும்வரை சின்யோரா அவருக்குச் சீனி கொடுக்கவில்லை.

அடுப்புக்கு மேலே

வெங்காயமும் முட்டையும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். முதலில் ஓரத்தில் மஞ்சள், பிறகு மண்ணிறம். வேண்டுமென்றே சில நாள் முட்டைப்பொரியல் கூடுதலாகச் செய்தேன். சின்யோரா கொலஸ்ட்ரோல் என்று முறைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

சில மாதம் கழிந்து, அந்தச் சமையலறையில் நின்று அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே கறுப்பாய் ஏதோ தொங்குகிறதே என்றார். மறைக்கத் தோன்றவில்லை. கப்பித்தானோவின் கதையை முழுக்கச் சொன்னேன். ஆறு, பெடியங்கள், கரி, ஏழு தாய்மார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு கடற்படைக்காரரின் கதையை அம்மாவிடம் சொல்கிறேனே என்று.

கடைசியில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"வந்த தாய்மாருக்கு இருக்கக் கதிரை குடுத்தவரோ?"

எனக்கு அப்போதுதான் அந்த ஏழு கதிரைகள் உறைத்தன. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நடைக்குப் போய், பல்கனியிலிருந்த சின்யோராவிடம் கேட்டேன். ஓம் என்றார். அவர்களுக்காகவே செய்வித்த கதிரைகள். அவர்கள் இருப்பார்கள், அப்பா மட்டும் கடைசிவரை நின்றுகொண்டே இருப்பார் என்றார்.

தொலைபேசியைத் திருப்பி அம்மாவுக்கு அந்த வரிசையைக் காட்டினேன். ஏழையும் ஒவ்வொன்றாக. அம்மா திரைக்குக் கிட்டவாக வந்து பார்த்தார்.

"அப்ப அந்தப் பதக்கத்தை மினுக்காதை, தம்பி" என்றார்.